ஒரு தோட்டத்துக்கு மூன்று பெயர்

செம்பனை ஆலையில் முப்பத்தோரு ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். ஷிப்ட் முடிந்ததும் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் கைகழுவப் போவோம்: எந்த இயந்திரம், என்ன கோளாறு, எதைக் கழற்றினோம், எது பாக்கி. ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே மாதிரி கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்றைப் மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் பட்டணம் பெஸ்தாரி ஜெயாவின் கடைத்தெருவில் ஆறு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். இந்த முறை பழுது கொதிகலனில் இல்லை. எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி எந்த ஆண்டில் தொடங்கியது என்பது யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அதுதான் பழுது.

பள்ளிச் சுவரில் 1938 என்று சிமெண்டில் பொறித்திருக்கிறது. பழைய மாணவர்கள் சேர்ந்து ஒரு மலர் வெளியிடப் போகிறார்கள். அட்டையில் அந்த ஆண்டைத்தான் போடுவதாக இருந்தது. கூட்டத்தில் எண்பத்தேழு வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்தார். "1938இல் கட்டியது கட்டடம். பள்ளிக்கூடம் அதற்கு முன்பே ஆயாக்கொட்டகைக்கு (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு) பக்கத்தில் நடந்தது. என் அப்பா அங்கேதான் அரிச்சுவடி படித்தார்" என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. தேநீர் ஆறிப்போனது.

அதே நேரத்தில் என் அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் வரலாறு இறுதியாண்டு. கோலசிலாங்கூர் மாவட்டத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வேடு. "சித்தப்பா, சுவரைப் பார்த்தேன், பெரியவர் சொன்னார் என்று எழுதினால் மேற்பார்வையாளர் சிவப்பு மையில் சுழித்துவிடுவார். காகிதம் வேண்டும்" என்றாள். என்னிடம் நேரம் இருந்தது, அவளிடம் பல்கலைக்கழகக் கடவுச்சொல் இருந்தது. கூட்டாளிகள் ஆனோம்.

தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மலர் வெளிவரும் முன் நான் அவிழ்த்துவிட்டால் செயலாளர் கோபித்துக்கொள்வார். ஆற்றங்கரைத் தோட்டம் என்றே சொல்கிறேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் ஆட்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

முதல் சனிக்கிழமை. பட்டணத்து நூலகத்தில் கணினி முன் உட்கார்ந்தேன். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரை அடித்தேன்: பூஜ்யம். தமிழ்ப்பள்ளி என்பதை மலாயில் அடித்தேன்: பாடநூல், தேர்வு வழிகாட்டி, எந்தெந்த ஊர்ப் பள்ளிகளின் ஆண்டு இதழ்கள், பக்கம் பக்கமாக. 'எஸ்டேட்' என்று மட்டும் அடித்தேன்: வாரிசுச் சட்டம், உயில், வீடமைப்பு. ஆங்கிலத்தில் எஸ்டேட் என்றால் செத்தவர் விட்டுப்போன சொத்தும்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

கணினியை விட்டுவிட்டு அலமாரிக்குப் போனேன். பொது நூலகங்களில் புத்தகத்தின் முதுகில், பொருள் வாரியாகப் பிரிக்கும் டூயி முறை எண் ஒட்டியிருப்பார்கள். 959.5 மலேசிய வரலாறு. 494.811 தமிழ் மொழி. 894.811 தமிழ் இலக்கியம். எங்களுக்கு வேண்டியது இப்படி ஒரே இடத்தில் இல்லை. தொழிலாளர் விஷயம் 331இல், பள்ளிக்கல்வி 370களில், ரப்பர் பயிரிடுவது 633இல். பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), பால்வெட்டு, பள்ளிக்கூடம், கோயில் என்று லயத்தில் ஒன்றாக இருந்த வாழ்க்கையை அலமாரியில் நான்கு துண்டாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வசதி உண்டு. ஒரு நல்ல புத்தகம் அகப்பட்டால் அதன் இடமும் வலமும் ஒரு கை நீளத்துக்குப் பார்த்தால் போதும். உறவுக்காரர்கள் அங்கேயே இருப்பார்கள். கணினி அந்த உறவைச் சரியாகக் காட்டுவதில்லை.

அன்றைக்கு நோட்டில் எழுதியது இரண்டே வரி. அது தப்பு. கிடைத்ததை மட்டும் எழுதினேன், கிடைக்காததை எழுதவில்லை. மூன்றாவது வாரம் பார்த்தால் அதே சொல்லை அதே பட்டியலில் மூன்று முறை தேடியிருக்கிறேன். ஆலையில் ஒரு வால்வைத் திறந்து பார்த்து நன்றாக இருந்தால் 'பார்த்தது, சரி' என்று எழுதுவோம். இல்லாவிட்டால் அடுத்த ஷிப்ட்காரன் மறுபடியும் கழற்றுவான். இங்கே அடுத்த ஷிப்ட்காரனும் நானே. அதற்குப் பிறகு ஆறு கட்டம் போட்டேன்: நாள், எந்த நூலகம் அல்லது தளம், அடித்த சொல் எழுத்துப் பிசகாமல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எத்தனை வந்தது, திறந்து பார்த்தது எது. பூஜ்யத்துக்கும் ஒரு வரி.

நான்காவது வாரம் ஷா ஆலாம் போனேன். அங்கே மாநில நூலகத்தில் உதவி மேசையில் ஒரு மலாய் அம்மா. நான் தேடிய சொற்களைக் காட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாக்சிக் (மாமா), நீங்கள் உங்கள் வார்த்தையில் தேடுகிறீர்கள். இதை அந்தக் காலத்தில் எழுதி வைத்தவர் யார்? எதற்காக எழுதினார்? அவர் இதை என்னவென்று அழைத்திருப்பார்?" என்று கேட்டார். மூன்று கேள்வி. நான் மூன்று வாரம் செலவழித்திருந்தேன்.

வாசலில் தே தாரிக் கடையில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். ஒரு தோட்டப் பள்ளியைப் பற்றி யார் யார் எழுதியிருப்பார்கள்? லண்டனில் இருந்த கம்பெனி, பங்குதாரர்களுக்கு. தொழிலாளர் இலாகா, தன் ஆண்டறிக்கையில். தமிழ்ப் பள்ளிகளைச் சோதிக்க வந்த கல்வி அதிகாரி, மானியம் கொடுக்கலாமா என்று. மலாயாவில் இருந்த இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்ட், தில்லிக்கு. ஆங்கிலப் பத்திரிகை, துரைமார் படிக்க. தமிழ்ப் பத்திரிகை, நாம் படிக்க. எங்களுக்குத் தெரிந்த ஆற்றங்கரைத் தோட்டம் என்ற பெயரைக் கடைசி ஆளைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டணம் பெஸ்தாரி ஜெயாவே 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை. தொங்குவது என்ற பொருள் மரியாதையாக இல்லை என்று மாற்றினார்கள். தெலுக் இந்தான் 1982 வரை தெலுக் ஆன்சன். கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். போதாக்குறைக்கு 1972இல் மலாய் எழுத்துமுறையையே திருத்தினார்கள். முன்பு 'சி, எச்' என்று இரண்டு எழுத்தில் எழுதியது 'சி' ஒன்றானது. 'தெலோக்' என்றிருந்தது 'தெலுக்' ஆனது. 'சுங்கை' என்பதைப் பழைய காகிதங்களில் கடைசியில் 'ஈ, ஐ' போட்டு எழுதியிருப்பார்கள், இப்போது 'ஏ, ஐ'. கணினிக்கு இவை இரண்டும் வேறு வேறு ஊர்.

எங்கள் பக்கத்திலேயே அழகான உதாரணம் இருக்கிறது. தென்னமரம் தோட்டம். ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் இந்த நாட்டில் முதன்முதலாக வியாபாரத்துக்காகச் செம்பனை பயிரிட்ட தோட்டம் அது. பெயரைக் கேட்டாலே நம் தென்னைமரம் என்று தெரியும். செம்பனையின் தாய்வீட்டுக்குத் தென்னையின் பெயர். ஆங்கிலத்தில் சிலர் அதன் கடைசியில் 'எம்' போடுகிறார்கள், சிலர் 'என்' போடுகிறார்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. தெரிந்த வரைக்கும் அடித்துவிட்டு மிச்சத்துக்கு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். பல பட்டியல்களில் இந்தக் குறி வேலை செய்கிறது, சிலவற்றில் செய்வதில்லை. முதலில் நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைப் போட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது.

எங்கள் தோட்டத்துக்கு எழுத்துப் பிசகு பெரிய தொல்லை இல்லை. வேறு ஒரு முடிச்சு இருந்தது. ஓய்வுபெற்ற பெரிய கிராணி (தோட்டத்துத் தலைமை எழுத்தர்) ஒருவர் கோயிலுக்குப் பின்னால் குடியிருக்கிறார். அவரிடம் போய், "ஐயா, 1950க்கு முன்னால் எங்கள் தோட்டத்தின் பெயரே எந்தக் காகிதத்திலும் அகப்படவில்லையே" என்றேன். சிரித்தார். "எப்படித் தம்பி அகப்படும்? அப்போது அது தோட்டமே இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தின் டிவிஷன். சம்பளப் புத்தகம்கூட அங்கேதான் இருந்தது. அப்புறம்தான் பிரித்துப் புதுப் பெயர் வைத்தார்கள்" என்றார். ஆக மூன்று பெயர்: துரை வைத்த ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர், நாங்கள் வைத்த ஆற்றங்கரை, இரண்டுக்கும் முன்னால் தாய்த் தோட்டத்தின் பெயரோடு ஒட்டிய ஒரு டிவிஷன். ஒரு மாதமாகப் பிறக்காத பிள்ளையின் பெயரில் பிறப்புச் சான்றிதழ் தேடியிருக்கிறேன்.

எந்தத் தளத்திலும் இல்லாத இந்தச் செய்தி ஒரு திண்ணையில் இருந்தது. அன்றைக்கு நோட்டின் கட்டத்தில் 'எந்த நூலகம்' என்ற இடத்தில் கிராணி வீடு என்று எழுதினேன். அண்ணன் மகள் படித்துவிட்டுச் சிரித்தாள், அழிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய பல்கலைக்கழகக் கணக்கில் உட்கார்ந்தோம். முதலில் காலத்துக்கு வேலி போட்டோம். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தச் சொன்னது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். ஆகவே 1923 முதல் 1941 வரை. சிலாங்கூர், கூட்டு மலாய் மாநிலங்களில் ஒன்று. பினாங்கும் மலாக்காவும் போல நீரிணைக் குடியேற்றம் அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் வேறு அரசாங்கத்தின் அலமாரியில் போய் நிற்போம். லண்டனில் கியூ என்ற இடத்து பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் காலனி அலுவலகக் காகிதங்களிலும் அப்படித்தான்: நீரிணைக் குடியேற்றங்களின் கடிதங்கள் சி.ஓ. 273 வரிசை, கூட்டு மாநிலங்களின் கடிதங்கள் சி.ஓ. 717 வரிசை.

அடுத்தது சொற்கள். 'தமிழ்ப்பள்ளி' என்பதற்கு இன்று நாம் எழுதும் தேசிய மாதிரிப் பள்ளி என்ற தொடர் அன்று இல்லை. தாய்மொழிப் பள்ளி என்பதற்கு அவர்கள் போட்ட சொல் 'வெர்னாகுலர்'. தொழிலாளி என்பதற்கு 'லேபரர்', அதிலும் பிரிட்டிஷ் எழுத்தில் 'யு' உண்டு, அமெரிக்கர் தொகுத்த தலைப்புகளில் 'யு' கிடையாது. இன்னொரு சொல்லும் இருக்கிறது. கூலி. நம் கூலியிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போனது என்பார்கள். அதைத் தேடுபெட்டியில் அடிக்க விரல் தயங்கியது. என் பாட்டனை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அடித்தவுடன் காகிதங்கள் கொட்டின. திட்டிய வாயில்தான் தகவல் இருக்கிறது. வேறு வழி இல்லை.

நூலகங்களின் பொருள் தலைப்பு இன்னொரு வேடிக்கை. பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புகளைக் கையாள்கின்றன. அதில் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கு நீண்ட காலமாக இருந்த தலைப்பு 'ஈஸ்ட் இண்டியன்ஸ்'. அமெரிக்கப் பழங்குடிகளோடு குழம்பக் கூடாது என்று அப்படி. மலேசிய இந்தியர் என்று தேடி நாற்பது புத்தகம் பார்த்தவன், கிழக்கிந்தியர் என்று அடித்ததும் மேலும் புதிய வரிசை ஒன்றைப் பார்த்தேன். இதற்குச் சுலபமான வழியை அண்ணன் மகள் காட்டினாள். நல்ல புத்தகம் ஒன்றைத் திறந்து, அதன் பதிவில் கீழே என்னென்ன தலைப்பு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தத் தலைப்பையே அழுத்த வேண்டும். நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நூலகர் ஒட்டிய முத்திரையைத் தொட்டாலே அதே முத்திரை உள்ள எல்லாம் வரிசையாக வருகின்றன. கெர்னியல் சிங் சந்து 1969இல் எழுதிய மலாயா இந்தியர் வரலாற்று நூலிலிருந்து இப்படித் தொடங்கினோம்.

தமிழ்ப் புத்தகங்களைத் தேடும்போதுதான் எனக்கு மூச்சு முட்டியது. தமிழ் எழுத்தில் அடித்தால் சில பட்டியல்களில் ஒன்றும் வராது, ஏனென்றால் தலைப்பை ஆங்கில எழுத்தில் பெயர்த்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்ப்பு நாம் வாட்ஸ்அப்பில் எழுதும் பாணி அல்ல. 'தோட்டம்' என்பதில் 'டி'க்குப் பிறகு 'எச்' போடக் கூடாது. 'தமிழ்' என்பதற்கு 'இசட், எச்' கிடையாது. அடிக்கோடு இட்ட 'எல்'. சகரத்துக்கு 'எஸ்' இல்லை, 'சி'. ஆக மலேசியா என்பதிலும் நடுவில் நிற்பது 'சி'தான். கோடும் புள்ளியும் இல்லாமல் வெறும் எழுத்தை அடித்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது.

இதைவிடப் பெரிய வம்பு ஒற்று. தமிழ்ப் பள்ளி என்று எழுதும்போது வருகிற 'ப்' முன்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மலேசியத் தமிழர் என்பதில் 'த்'. பெயர்த்தவர் இலக்கணம் தெரிந்தவர் என்பதால் ஒற்றையும் விடாமல் எழுதிவிட்டார். நான் ஒற்றில்லாமல் தேடினேன். கணினி 'அப்படிச் சொல் இல்லை' என்றது. சொல்லின் உயிரான பகுதியோடு நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டதும் திறந்துகொண்டது. ஒற்று மிகுமா மிகாதா என்று ஆறாம் வகுப்பில் ஆசிரியரிடம் பிரம்படி வாங்கியது அறுபது வயதுக்கு மேல் பயன்பட்டது.

பத்திரிகைகள். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் பழைய பத்திரிகைத் தளம் எங்களுக்குப் பெரிய துணை. மலேசியாவைப் பற்றி அங்கே ஏன் தேட வேண்டும் என்று கேட்பவர்கள், 1965 வரை இரண்டும் எப்படிக் கலந்திருந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் 1914 முதல் வந்த மலாயா டிரிபியூனும் தோட்டச் செய்திகளால் நிறைந்தவை. சில இதழ்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். சிலவற்றை அவர்களுடைய கட்டடத்துக்குள் போனால்தான் திறக்க முடியும்.

அங்கே ஒரு கோளாறைக் கவனித்தேன். பழைய தாளைக் கணினி தானே வாசித்து எழுத்தாக்கியிருப்பதால் மங்கிய மை, மடிப்பு, வரி முடிவில் உடைந்த சொல் எல்லாமே பிழையாகிவிடுகின்றன. தாய்த் தோட்டத்தின் பெயர் இரண்டு சொல். அதை மேற்கோள் குறிக்குள் அடித்தபோது பதினொன்று வந்தது. மேற்கோளை எடுத்துவிட்டு, முதல் சொல்லோடு 'கோலசிலாங்கூர்' என்பதைச் சேர்த்து, ஆண்டு வேலியும் போட்டபோது முப்பத்தெட்டு. அவற்றில் பாதி பங்குச் சந்தை விலை. இன்னும் சில, கிரிக்கெட். துரைமார் எவ்வளவு கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள் என்பதற்கே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

பங்கு விலையை ஒதுக்க, இந்தச் சொல் உள்ளது வேண்டாம் என்று சொல்லும் 'நாட்' போட்டு 'ஷேர்' என்ற சொல்லை நீக்கினேன். நான்கு நாள் கழித்துத்தான் புரிந்தது, ஒரு கம்பெனி ஆண்டுக்கூட்டச் செய்தியையும் அது விழுங்கிவிட்டது என்று. அந்தச் செய்தியில்தான் டிவிஷன்களில் குடியிருப்பு கட்டியதைப் பற்றி வருகிறது. நீக்கும் சொல் கத்தி மாதிரி. பழுத்ததையும் சேர்த்து வெட்டும். வேண்டாததைக் கண்ணால் தள்ளுவது மெதுவான வேலை, ஆனால் அதையே செய்தேன்.

தமிழ்ப் பத்திரிகைக்கு இந்தச் சுகம் இல்லை. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கி 2019 ஜனவரியோடு நின்றுபோன தமிழ் நேசனை மைக்ரோஃபிலிமில் பார்த்தேன். சொல் அடித்துத் தேட வழி இல்லாத இடத்தில் தேதிதான் சாவி. ராவாங் வரை மோட்டார் சைக்கிள், அங்கிருந்து கொமுட்டர் ரயில், காலை ஒன்பதரைக்கு நூலகத்தில் நிற்பேன்.

எந்த நூலகம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அங்கிருந்த மைக்ரோஃபிலிம் கருவி என்னைப் படுத்திய பாட்டை எழுத வேண்டும். படச்சுருளை இடது அச்சில் மாட்டி, நுனியை உருளைக்கு அடியில் விட்டு, இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே நுழைத்து, வலது சுருளில் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முதல் நாள் நான் தலைகீழாக மாட்டி, பத்திரிகை முழுவதையும் கண்ணாடியில் பார்த்த எழுத்தாகப் பார்த்தேன். அடுத்த நாள் வலது சுருள் வழுக்கியது. ஓட்டினால் படம் மெத்தை மாதிரி மடிந்து குவிந்தது. பொறுப்பாளர் தம்பியிடம் கேட்டேன். "ரிப்பேருக்குச் சொல்லியிருக்கிறோம் அங்கிள்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. அவர் அனுமதியோடு, அவர் பக்கத்திலேயே நிற்க, பின்மூடியைத் திறந்தேன். சுருளைச் சுற்றும் வார் கெட்டியாகிப் பளபளத்தது. தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, தளர்ந்திருந்த திருகை அரைச் சுற்று இறுக்கினேன். கண்ணாடித் தகட்டையும் துடைத்தேன். மங்கிய தாள் என்று நான் திட்டிக்கொண்டிருந்ததில் பாதி, கண்ணாடியில் ஒட்டியிருந்த விரல் ரேகை. அந்தத் தம்பி எனக்கு ஒரு டப்பா ரொட்டி வாங்கிக் கொடுத்தார். நூலகத்துக்குள் தின்னக் கூடாது என்பதால் வெளியே போய்ச் சாப்பிட்டோம்.

மைக்ரோஃபிலிமில் ஒரு நாளைக்கு மூன்று மாதத்துக்கான இதழ்கள்தான் என் கண்ணுக்குத் தாங்கியது. எனவே குருட்டாம்போக்கில் ஓட்டக் கூடாது. பெரிய நாட்களைத் தேர்ந்தெடுத்தோம்: தோட்டங்களில் பிள்ளைகளைக் கூட்டி இனிப்புக் கொடுத்திருக்கக்கூடிய நாட்கள். 1935 மே மாதம் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா. 1937 மே 12, ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா. அந்த நாளுக்குப் பிந்தைய இரண்டு வாரங்களை மட்டும் பார்ப்பது என்று முடிவு. இது அண்ணன் மகளின் யோசனை. "பள்ளிக்கூடம் திறந்தால் செய்தி வராது சித்தப்பா. ராஜாவுக்கு வாழ்த்துப் பாடினால் வரும்" என்றாள். இருபத்திரண்டு வயதில் எங்கிருந்து வந்தது இந்தக் கூர்மை என்று தெரியவில்லை.

அதே நாட்களைச் சிங்கப்பூர்த் தளத்திலும் பார்த்தோம். முடிசூட்டு விழாவுக்கு அடுத்த வாரத்து ஆங்கிலப் பத்திரிகையில், கோலசிலாங்கூர் மாவட்டக் கொண்டாட்டங்களின் நீளமான பத்தி ஒன்றின் அடியில், தாய்த் தோட்டத்தின் பெயரும் எங்கள் டிவிஷனின் பெயரும் சேர்ந்து, டிவிஷன் பள்ளியின் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டியில் கலந்துகொண்டதாக ஒரே வரி. கணினி அந்தப் பெயரில் இரண்டு எழுத்தைத் தவறாக வாசித்திருந்தது. பெயரைத் தேடியிருந்தால் கடைசிவரை வந்திருக்காது; தேதியைப் பிடித்துப் போனதால் வந்தது. ஒரு வரிதான். இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

1937 மே மாதத்தில் பள்ளி இருந்தது. 1938 கட்டடத்தின் ஆண்டு. பெரியவரின் பேச்சு சரி.

எப்போது தொடங்கியது என்பது இன்னும் மிச்சம். அதற்காகத் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். 1957 டிசம்பரில் தொடங்கிய அமைப்பு. கோலாலம்பூரில் பழைய ஜாலான் டூத்தா பக்கத்தில் கட்டடம். நூலகம் மாதிரி நினைத்துக்கொண்டு உள்ளே போனால் தொலைந்தோம். நூலகத்தில் பொருள் வாரியாக அடுக்குவார்கள். காப்பகத்தில் கோப்பு எந்த ஆபீஸில் பிறந்ததோ அந்த ஆபீஸின் பெயரில் இருக்கும். பள்ளி என்று கேட்டால் கிடைக்காது. சிலாங்கூர் செயலகம், கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகம், தொழிலாளர் இலாகா என்று ஆபீஸ்களைக் கேட்க வேண்டும். அதற்கும் அந்த ஆபீஸ் தன் கோப்புக்கு எப்படித் தலைப்பு வைத்தது என்று ஊகிக்க வேண்டும். தோட்டப் பள்ளிக்கு அரசாங்கம் பணம் கொடுத்ததால் கோப்பு பணத்தின் பெயரில்தான் பிறக்கும். 'கிராண்ட் இன் எய்ட்' (உதவி மானியம்) என்று அடித்தோம், தாய்த் தோட்டத்தின் பெயரோடு. இணையப் பட்டியலில் இரண்டு கோப்பு. ஒன்றின் தேதி 1932.

அண்ணன் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் நோட்டில் எண்ணை இரண்டு முறை சரிபார்த்து எழுதினேன். பட்டியலில் தலைப்பு மட்டும்தான். கோப்பைத் திறந்தால் அது எங்கள் டிவிஷனைப் பற்றியதாகவும் இருக்கலாம், தாய்த் தோட்டத்தின் வேறு பள்ளியாகவும் இருக்கலாம். அடையாள அட்டை காட்டிப் பதிவு செய்து, விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மலர்க் குழுவிடம் இவ்வளவையும் சொன்னேன். செயலாளர் அட்டைக்கு ஏற்கெனவே 1938 என்று வரைந்து வைத்திருந்தார். அதை மாற்றி '1937க்கு முன்' என்று போடலாம் என்றேன். "முன் என்றால் எவ்வளவு முன் என்று கேட்பார்களே" என்றார். கேட்கட்டும் என்றார் எண்பத்தேழு வயதுப் பெரியவர். அட்டையில் ஆண்டே வேண்டாம், உள்ளே பத்தி எழுதலாம் என்று முடிந்திருக்கிறது. அந்தப் பத்தியை நான் எழுத வேண்டுமாம்.

நோட்டின் இன்றைய பக்கம், பாக்கி வேலை: காப்பகக் கோப்பு, செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் கேட்க. தமிழ் நேசன் 1935 மே, சுருள் பாதியில் நிற்கிறது. கிராணி ஐயாவிடம் டிவிஷன் எந்த ஆண்டு தனித் தோட்டமானது என்று மறுபடியும் கேட்க. போன முறை இரண்டு ஆண்டு சொன்னார். மைக்ரோஃபிலிம் கருவிக்குப் புது வார், அளவு எடுத்தாயிற்று, ராவாங்கில் விசாரிக்க.